சாப்பிட மறுப்பது திமிரா, நோயா? ஒரு 300 வருட வரலாறு

1/
1869-ம் வருடம், டிசம்பர் 9. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கார்மார்தன்ஷயரில் ஒரு பண்ணை வீடு. லண்டனின் கைஸ் மருத்துவமனையிலிருந்து வரவழைக்கப்பட்ட நான்கு நர்ஸுகள் அங்கே வேலையைத் தொடங்குகிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவள் சாரா ஜேக்கப். வயது 12.

நர்ஸுகளுக்குக் கொடுத்த வேலை வைத்தியம் இல்லை, காவல். யாராவது அவளுக்கு ரகசியமாகச் சாப்பாடு கொடுக்கிறார்களா என்று ராத்திரி பகலாகப் பார்க்க வேண்டும். அவளாகக் கேட்டால் கொடுக்கலாம். இவர்களாக "ஒரு வாய் சாப்பிடும்மா" என்று நீட்டக் கூடாது.

எட்டு நாள் பார்த்தார்கள். டிசம்பர் 17-ம் தேதி சாரா இறந்துபோனாள்.

பண்ணை வீடு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சுற்றி அப்பா, அம்மா, நான்கு நர்ஸ். அத்தனை பேர் கண் முன்னாலேயே ஒரு குழந்தை பட்டினியில் செத்திருக்கிறது.

2/
இது எப்படி நடந்தது?

1867-ல் சாராவுக்கு வலிப்போடு சேர்ந்த ஏதோ ஒரு நோய் வந்தது. படுத்த படுக்கையானாள். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்த வருட அக்டோபரிலிருந்து அவள் எதுவுமே சாப்பிடுவதில்லை என்று குடும்பம் சொல்ல ஆரம்பித்தது. முதலில் நம்பாத ஊர்ப் பாதிரியார், பிறகு நம்பிவிட்டார். 1869-ல் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். அவ்வளவுதான். ரயில் ஏறி ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்கள் காசும் பரிசும் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு கூட்டம் "இது கடவுளின் அதிசயம்" என்றது. இன்னொரு கூட்டம், முக்கியமாக மருத்துவர்கள், "இது நாடகம்" என்றார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் அந்தக் காவல். அவள் சோர்ந்துபோவதைப் பார்த்து பாதிரியாரே எச்சரித்தும், பெற்றோர் காவலை நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

அதுவரை அவளுக்கு ஏதோ கொஞ்சம் ஆகாரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. காவல் போட்டதும் அந்தக் கொஞ்சமும் நின்றுவிட்டது. பெற்றோர் மீது கொலைக்குச் சமமல்லாத மரணக் குற்றம் நிரூபணமாகி, அப்பாவுக்கு ஒரு வருடம், அம்மாவுக்கு ஆறு மாதம் சிறை.

3/
சாராவுக்கு இருந்தது என்ன நோய் என்று 150 வருடம் கழித்து உட்கார்ந்துகொண்டு நான் முத்திரை குத்தப் போவதில்லை. அது சரியும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க.

அதிசயம் என்றவர்களும் நாடகம் என்றவர்களும் அவளைப் *பார்த்தார்கள்*. "இந்தப் பிள்ளைக்கு என்ன பண்ணுது, எப்படிச் சாப்பிட வைக்கிறது" என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நம்ம ஊரில் அதிசயம் என்று சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். "நாடகம்" மட்டும் வேறு பெயரில் இருக்கு. "திமிரு", "ஸ்லிம் ஆகணும்னு ஃபேஷன்", "பணக்கார வியாதி", "ரெண்டு அடி போட்டா சாப்பிடும்".

உணவுக் கோளாறுகள் பற்றிய மருத்துவ வரலாறு முழுக்கவே இந்தப் பார்வையிலிருந்து மெதுவாக வெளியே வந்த கதைதான். அதைத்தான் இந்தத் திரெட்டில் எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: யார் எவ்வளவு எடைக்கு இறங்கினார், எத்தனை கலோரி சாப்பிட்டார் என்ற எண்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இந்த நோய் இருப்பவர்களுக்கு அந்த எண்கள் ஒரு போட்டி மாதிரி ஆகிவிடும்.

4/
முதலில் பழைய காலம். இத்தாலியின் சியெனா நகரத்துப் புனிதர் கேதரின். 1347-ல் பிறந்து 1380-ல், 33 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் சாப்பிட்டது மிக மிகக் குறைவு. சாப்பிடச் சொல்லி ஆலோசனை வந்தபோது, மற்ற மனிதர்களைப் போலத் தானும் சாப்பிட அருள் வேண்டிக் கடவுளிடம் கேட்பதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதாவது, அவருக்கே அது தன் கையில் இல்லை என்று தோன்றியிருக்கிறது.

1985-ல் ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இதைப் "புனித அனோரெக்ஸியா" என்றார். 1987-ல் கேரொலின் பைனம் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர், "இன்றைய நோயின் பெயரை அன்றைய பக்தியின் மேல் ஒட்டாதீர்கள். அந்தக் காலப் பெண்களுக்கு உணவின் அர்த்தமே வேறு" என்ற பொருளில் எழுதினார்.

எனக்கு இரண்டாவது வாதம்தான் பிடிக்கும். விரதம் இருப்பவர் எல்லாரும் நோயாளி இல்லை. விரதத்தை முடிக்க வேண்டிய நேரத்தில் முடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

5/
மருத்துவப் புத்தகத்துக்குள் இது வந்தது 1689-ல். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் எழுதியது காசநோய் பற்றிய புத்தகம். உடம்பு உருக்கும் நோய்களை எல்லாம் வரிசைப்படுத்தும்போது இரண்டு பேர் அவருக்குக் கணக்கில் வரவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனாலும் உருகிப் போகிறார்கள்.

ஒருத்தி 18 வயதுப் பெண். மாதவிடாய் நின்றுவிட்டது. உடம்பு வெறும் எலும்பும் தோலும். அந்த நிலையிலும் ராத்திரி பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்திருக்கிறாள். மருந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் சலித்துப்போய் நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் இறந்துபோனாள்.

இன்னொருவன் 16 வயதுப் பையன். அவனுக்கு மார்ட்டன் சொன்ன வைத்தியம்: படிப்பை நிறுத்து, கிராமத்துக்குப் போ, குதிரை ஏறு, பால் குடி. அவன் பெருமளவு தேறிவிட்டான்.

காரணம் கவலையிலும் மனத்திலும் இருக்கிறது என்று மார்ட்டன் எழுதினார். இன்னொன்றையும் நல்லா கவனிங்க: மருத்துவம் விவரமாகப் பதிவுசெய்த முதல் இரண்டு பேரில் ஒருவன் ஆண். "இது பொண்ணுங்க சமாச்சாரம்" என்பது அன்றைக்கே தப்பு.

6/
அடுத்து கிட்டத்தட்ட 200 வருடம் தாண்டி 1873. சாரா இறந்து நான்கே வருடம்.

அவளைக் காவல் காக்க நர்ஸுகளை அனுப்பிய அதே கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் சர் வில்லியம் கல். விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவர். 1873 அக்டோபரில் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். அதில்தான் நோய்க்கு இன்றைய பெயர் வந்தது: அனோரெக்ஸியா நெர்வோசா.

அந்தக் காலத்தில் இளம்பெண்களுக்கு எது வந்தாலும் "ஹிஸ்டீரியா" என்று எழுதிவிடுவார்கள். டாக்டர் கல் அந்த வார்த்தையை வேண்டாம் என்று ஒதுக்கி "நெர்வோசா" என்ற பொதுவான சொல்லை எடுத்தார். ஆண்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினார்.

அவர் விவரித்த 'மிஸ் ஏ' என்ற 17 வயதுப் பெண்: நுரையீரல் சரி, வயிறு சரி, எல்லா உறுப்பும் சரி. ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56, மூச்சு 12. உடம்பில் ஒன்றும் இல்லாதபோதும் சும்மா உட்காராமல் ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருந்தாள்.

7/
டாக்டர் கல் கொடுத்த வைத்தியத்தில் மருந்து பெரிதாக வேலை செய்யவில்லை. வேலை செய்தது மூன்று: நேரம் தவறாமல் சாப்பாடு, உடம்புக்குச் சூடு, பக்கத்தில் உறுதியான ஒரு ஆள். பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள், நோயாளியின் விருப்பத்துக்கு விடாதீர்கள் என்றார்.

மிஸ் ஏ தேறினாள். ஏறிய எடையை மட்டும் சொல்கிறேன்: 46 பவுண்டு. அதாவது சுமார் 21 கிலோ. முன்னும் பின்னும் எடுத்த அவளது முகப் படங்கள் கட்டுரையோடே அச்சாகின. இரண்டையும் பார்த்தால் ஒரே பெண் என்று நம்ப முடியாது.

சாராவின் மரணத்துக்கும் இந்தக் கட்டுரைக்கும் நடுவே நோய் மாறவில்லை. கேள்வி மாறியது. "பொய் சொல்றாளா?" போய் "எப்படிச் சாப்பிட வைக்கிறது?" வந்தது.

8/
அதே 1873-ல், சில மாதம் முன்னால், பாரிஸில் சார்ல் லாசேக் என்ற மருத்துவர் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது வீட்டை.

குடும்பத்துக்குத் தெரிந்த வழி இரண்டே இரண்டு: கெஞ்சுவது, மிரட்டுவது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து ஓய்ந்துபோகிறார்கள் என்றார். வகை வகையாகச் சமைத்து மேசையை நிரப்புகிறார்கள். அது கூடக்கூட இங்கே பசி குறைகிறது. கடைசியில் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லாமல், மொத்தக் குடும்பமும் ஒரு தட்டைச் சுற்றியே ஓடுகிறது.

அவர் சொன்ன இன்னொன்று: நோயாளி "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அது பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். அதுவே நோயின் ஒரு பகுதி.

150 வருடம் ஆகியும் இந்தக் கட்டுரை பழசாகவில்லை.

9/
நல்லா போய்க்கொண்டிருந்த கதை 1914-ல் வேறு பக்கம் திரும்பியது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் மோரிஸ் சிம்மண்ட்ஸ் என்ற நோயியல் நிபுணர், உடல் உருகி இறந்த ஒரு பெண்ணின் பிட்யூட்டரி சுரப்பி அழிந்திருந்ததைக் கண்டார். அது உண்மையான ஒரு நோய்தான். ஆனால் அதன்பின் மெலிந்து வந்தவர்களில் நிறைய பேருக்கு "சுரப்பிக் கோளாறு" என்று முத்திரை விழுந்தது. சுரப்பிச் சாறு ஊசி போட்டார்கள். மனசைப் பார்ப்பது நின்றது. இரண்டையும் தெளிவாகப் பிரிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

இன்றைக்கும் "தைராய்டா இருக்கும், அல்சரா இருக்கும்" என்று மாறி மாறி டெஸ்ட் எடுத்தே வருடங்கள் போவது உண்டு. டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் நார்மல் என்று வந்தபிறகு "அப்போ உனக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவதுதான் ஆபத்து.

10/
இப்போது வரப்போகும் ஆய்வுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமானது.

1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர். ஐரோப்பாவில் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். போர் முடிந்ததும் அவர்களை எப்படித் தேற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு ஆய்வு தொடங்கினார். மனசாட்சி காரணமாகத் துப்பாக்கி தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனசும் ஆரோக்கியமாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் 12 வாரம் சாதாரணச் சாப்பாடு. அடுத்த 24 வாரம் அரைப் பட்டினி. பிறகு 12 வாரம் தேற்றும் காலம். உடல் எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காதது மனசுக்கு நடந்தது.

11/
- நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள்.
- கொடுத்த சாப்பாட்டைப் பொடிப்பொடியாக வெட்டி, ஒரு தட்டை இரண்டு மணி நேரம் வரை வைத்துச் சாப்பிட்டார்கள்.
- நண்பர்களை ஒதுக்கித் தனியே இருந்தார்கள். சிரிப்பு போனது. எரிச்சல், மனச்சோர்வு வந்தது.
- கோடையிலும் குளிர்ந்தது. நாடித்துடிப்பு குறைந்தது.
- சிலருக்கு, தான் சரியாக இருப்பதாகவும் சாதாரண ஆட்கள் குண்டாக இருப்பதாகவும் தோன்றியது.
- ஆய்வு முடிந்து சாப்பாடு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை.
- ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். அதுவும் தேற்றும் காலத்தில்.

இவர்களில் யாரும் ஒல்லியாக ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. யாருக்கும் மனநோயும் இல்லை. பட்டினி மட்டும்தான் புதுசு.

12/
இதன் அர்த்தம் என்ன?

"பிடிவாதம்", "விநோதம்", "குணம் கெட்டுப்போச்சு" என்று நாம் நினைப்பதில் பாதி, பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை. பட்டினி கிடக்கிற மூளையிடம் போய் "யோசிச்சுப் பாரும்மா" என்று ஒரு மணி நேரம் அட்வைஸ் செய்தால் உள்ளே போகாது. அதனால்தான் இன்றும் சிகிச்சையில் சாப்பாடுதான் முதல் மருந்து. பேச்சு சிகிச்சையும் அதோடு சேர்ந்தே போக வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரொம்ப நாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று வயிறு முட்டக் கொடுக்காதீங்க. போர் முடிந்து விடுதலையான கைதிகள் சிலர், பல மாதப் பட்டினிக்குப் பிறகு வயிறார சாப்பிட்டதும் இறந்திருக்கிறார்கள். ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் நின்றுவிடும். ரொம்பவே மெலிந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டேதான் கூட்ட வேண்டும்.

13/
சரி, பட்டினி மனசை மாற்றும். அந்தப் பட்டினியே ஏன் ஆரம்பித்தது? இதற்குள் ஆழமாகப் போனவர் ஹில்டே ப்ரூக். 1904-ல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண் மருத்துவர். ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டுத் தப்பி, பிறகு அமெரிக்கா போனவர். 1973-ல் உணவுக் கோளாறுகள் பற்றிப் பெரிய புத்தகம், 1978-ல் பொதுமக்களுக்காக 'தங்கக் கூண்டு' என்ற புத்தகம்.

அவர் சொன்னது: இது பசி சம்பந்தப்பட்டதே இல்லை. "என் வாழ்க்கையில் எதுவுமே என் கையில் இல்லை" என்ற உணர்வு சம்பந்தப்பட்டது. நல்லா படிக்கிற, சொன்ன பேச்சு கேட்கிற, யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை. எல்லா முடிவும் மற்றவர்கள் எடுத்தது. அந்தப் பிள்ளைக்குத் தன் சொந்த முடிவு என்று மிச்சம் இருப்பது இந்த ஒரு வாய் சோறு. அதை வேண்டாம் என்று சொல்லும்போது முதல்முறையாக "நான்" என்று ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது.

இதைக் கேட்டதும் உங்களுக்கு யாராவது நினைவுக்கு வரலாம். நம்ம ஊரில் "தங்கமான பிள்ளை" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் நிறைய.

14/
ப்ரூக் சொன்னதில் ஆழம் இருந்தது. ஒரு பக்க விளைவும் இருந்தது. "அப்போ அம்மாதான் காரணம்" என்று ஆகிவிட்டது. பிள்ளையைப் பிரித்து வைத்துச் சிகிச்சை கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. குடும்பத்தினர் பக்கத்தில் இருக்கத் தகுதியற்றவர்கள் என்று டாக்டர் கல்லும் எழுதியவர்தான்.

இதைத் திருப்பிப் போட்டது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு. 1987-ல் ஜெரால்ட் ரஸ்ஸல், ஐவன் ஐஸ்லர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதிலேயே நோய் தொடங்கி மூன்று வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு, தனியாகப் பேசும் சிகிச்சையைவிடக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை அதிகம் பலன் தந்தது.

அதாவது அப்பா அம்மா குற்றவாளி இல்லை, வைத்தியத்தில் கூட்டாளி. யாரால் வந்தது என்ற விசாரணையை விட்டுவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டை எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து முடிப்பது என்று பார்க்கிற வைத்தியம் அது.

15/
இதே ஜெரால்ட் ரஸ்ஸல்தான் 1979-ல் இரண்டாவது பெரிய நோய்க்குப் பெயர் வைத்தவர்: புலிமியா நெர்வோசா. கிரேக்கத்தில் புலிமியா என்றால் "எருதுப் பசி".

அவர் எழுதியது 30 நோயாளிகள் பற்றி. குறுகிய நேரத்தில், நிறுத்த முடியாமல், ஏராளமாகச் சாப்பிடுவது. உடனே பயமும் குற்ற உணர்வும். சாப்பிட்டதை எப்படியாவது வெளியேற்றுவது. மறுநாள் பட்டினி. திரும்பவும் அதே சுற்று.

பெரும்பாலும் எடை சாதாரணமாகவே இருக்கும். அதனால் கூடவே இருப்பவருக்கும் வருடக்கணக்கில் தெரியாது. ரஸ்ஸல் ஒரு அடையாளம் சொன்னார்: விரல் முட்டிகளின் மேல் தழும்பு. இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு "ரஸ்ஸல் குறி" என்று சொல்லிக்கொடுக்கிறோம். பல் எனாமல் தேயும். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாதாரண எடையில் இருப்பவரும் ஒருநாள் திடீரென்று விழலாம்.

1983 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் அனோரெக்ஸியாவின் விளைவாக 32 வயதில் இறந்தபோதுதான் உலகத்தில் பலருக்கும் இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிந்தது.

16/
மூன்றாவது, பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர். கட்டுப்பாடு இழந்து சாப்பிடும் கோளாறு. 1959-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை விவரித்துவிட்டார். ஆனால் தனி நோயாக அங்கீகாரம் கிடைத்தது 2013-ல்தான். 54 வருடம்!

ஏன் இவ்வளவு தாமதம்? ஒல்லியாக இருப்பவர் சாப்பிடாவிட்டால் பரிதாபப்படுவோம். குண்டாக இருப்பவர் அழுதுகொண்டே சாப்பிட்டால் "வாயைக் கட்டு" என்போம். பசிக்காமலே, யாரும் பார்க்காத நேரத்தில், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிட்டு, தன்னையே வெறுத்து உட்கார்ந்திருப்பது பேராசை இல்லை. தனிமை, துக்கம், கோபம், அவமானம் எதையாவது அந்தச் சாப்பாட்டால் அமுக்கப் பார்க்கிறார். இதில் கொடுமை என்னவென்றால், கடுமையான டயட்டே அடுத்த சுற்றைத் தூண்டிவிடும். மினசோட்டா இளைஞர்களுக்கு நடந்ததை நினைச்சுப் பாருங்க.

அதே 2013 பட்டியலில் ஆர்ஃபிட் என்ற இன்னொன்றும் வந்தது. இதில் எடை பற்றிய பயமே இல்லை. உணவின் மணம், தொடுவுணர்வு பிடிக்காமலோ, ஒருமுறை தொண்டையில் சிக்கிய பயத்தாலோ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது. குழந்தைகளிடம் அதிகம். மண், சாக்பீஸ் தின்னும் பைகா நமக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். அதில் பலருக்கு ரத்தசோகையும் இருக்கும்.

17/
"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி டாக்டர்."

ஃபிஜி தீவு. பருத்த உடம்பே அழகு, நல்லா சாப்பிடுவதே மரியாதை என்றிருந்த சமூகம். 1995-ல் ஒரு பகுதிக்கு டிவி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அப்போதும், மூன்று வருடம் கழித்து 1998-லும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் யாருமே இல்லை. மூன்று வருடத்தில் 11.3 சதவீதம். 1995-ல் டிவி என்றால் இன்றைக்கு ரீல்ஸ்.

ஆனால் அழகு ஆசை மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதீங்க. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் பார்த்த நோயாளிகளில் பலர், குண்டாகிவிடுவோம் என்று பயப்படவே இல்லை. "வயிறு உப்புசமா இருக்கு, இறங்க மாட்டேங்குது" என்றார்கள். இந்தியாவில் 1995-ல் வெளியான ஒரு கட்டுரையில் விவரிக்கப்பட்ட ஐந்து இளம்பெண்களிடமும் மேற்கத்திய பாடப்புத்தகத்தில் இருக்கும் உடல் தோற்றப் பிரச்சினை அப்படியே இல்லை.

ஆகவே நம்ம ஊரில் இந்த நோய் "எனக்கு அனோரெக்ஸியா" என்று சொல்லிக்கொண்டு வராது. வயிற்று வலி, வாந்தி, நெஞ்சு கரிப்பு, பீரியட்ஸ் வரலை என்று வேறு வாசல் வழியாகத்தான் வரும்.

18/
அப்போ வேர் எங்கேதான் இருக்கு? இன்று நமக்குத் தெரிந்தவரை ஒரே வேர் இல்லை.

- மரபணு: 2019-ல் அனோரெக்ஸியா உள்ள சுமார் 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து எட்டு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். மனநலத்தோடு மட்டுமில்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு தெரிந்தது. 
- சுபாவம்: எல்லாம் கச்சிதமாக இருக்கணும் என்ற குணம், அதிகப் பதற்றம், தன்னைத்தானே தண்டிக்கும் மனசு.
- காயம்: கேலி, பாலியல் அத்துமீறல், இழப்பு, புறக்கணிப்பு.
- தூண்டுகோல்: டயட், ஒரு காய்ச்சலில் குறைந்த எடை, அதற்குக் கிடைத்த பாராட்டு.
- பிறகு பட்டினியே பட்டினியை வளர்க்கும்.

துப்பாக்கியில் குண்டு ஒருவர் போட, குறி ஒருவர் பார்க்க, விசையை இன்னொருவர் அழுத்துவது மாதிரி. யாரோ ஒருவரைக் கை காட்டிப் பயனில்லை.

மனநோய்களில் மரணம் அதிகமாக உள்ளவற்றில் ஒன்று அனோரெக்ஸியா. அந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. திமிருக்காக யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

19/
வீட்டில் கவனிக்க வேண்டியவை:

- "நான் அப்பவே சாப்டுட்டேன்" என்று அடிக்கடி சொல்லிச் சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது
- எல்லாருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடாமல் இருப்பது
- சாப்பிட்ட உடனே பாத்ரூம்
- காய்ச்சலிலும் விடாமல் உடற்பயிற்சி. பையன்களிடம் "கட்டிங்" என்ற பெயரில் இது அதிகம்
- மாதவிடாய் நிற்பது, எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, தலைசுற்றல்
- சாப்பாடு மறைந்த தடயங்கள், ரகசியமாகச் சாப்பிடுவது

சொல்லக் கூடாதவை: "இளைச்சுட்ட, சூப்பரா இருக்க." "இப்போ கொஞ்சம் சதை போட்டிருக்கு, நல்லாருக்கு." "ஊர்ல எத்தனை பேர் சோத்துக்கு இல்லாம இருக்காங்க தெரியுமா?"

முதல் இரண்டும் பாராட்டாகத்தான் உங்களுக்குத் தெரியும். அவர் காதில் அது மதிப்பெண். மூன்றாவது, ஏற்கனவே தன்னை வெறுப்பவருக்கு இன்னொரு காரணம்.

சொல்ல வேண்டியது: "நீ கஷ்டப்படுறது தெரியுது. உன் மேல கோபம் இல்ல. சேர்ந்து டாக்டரைப் பார்க்கலாம்."

20/
மயக்கம், நெஞ்சு படபடப்பு, ரொம்ப வேகமாக எடை இறங்குவது, விடாத வாந்தி, சாகணும் என்ற பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. நாளைக்கு என்று தள்ளாதீங்க.

மற்றபடி எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. அங்கே ரத்தப் பரிசோதனை, இசிஜி பார்த்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். போனில் பேச டெலி மனஸ் எண் 14416. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம்.

சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள். வருடங்கள் ஆனவர்களும் தேறியிருக்கிறார்கள். மெதுவாகத்தான் நடக்கும். நடுவில் சறுக்கும். சறுக்கினால் திரும்பவும் வாங்க, யாரும் திட்ட மாட்டோம்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: யாருடைய எடையையும் டயட் கணக்கையும் அங்கே எழுதாதீங்க. கண்டிப்பாக யாரோ ஒருத்தர் அதைப் படித்துக்கொண்டிருப்பார்.